மறைகேமரா வைத்து அம்பலப்படுத்தும் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஆக ஆசை. இந்த வேலையில் எதிர்காலம் உண்டா?

கேள்விக்குக் கீழே கானா நாட்டு மறைகேமராச் செய்தியாளர் அனாஸ் அரெமெயாவ் அனாஸின் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். அதுதான் என்னை எழுத வைத்தது. தொப்பியிலிருந்து முகத்தை மறைத்துத் தொங்கும் அந்த மணிச்சரம். நீங்கள் இப்போதுதான் படிப்பை முடித்திருப்பீர்கள், வீட்டில் "அரசாங்க வேலைக்கு எழுதிப் போடு" என்று நச்சரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நான் செய்தியாளன் இல்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ஒரே ஒரு தடவை மறைகேமரா வைத்தேன், அது தொலைக்காட்சியிலும் வந்தது. "ஒரு தடவை செஞ்சவனெல்லாம் புத்தி சொல்ல வந்துட்டான்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள், பரவாயில்லை.

2006-ஆம் வருஷம். ரப்பர் மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு தோட்டத்து லய வீடுகளை விட்டு வந்தவர்கள் பாதிப் பேர் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மலிவு வீடுகளில் இருந்தார்கள். அதில் வயதானவர்கள் சிலரிடம் சிவப்பு ஐசிதான். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஐசி என்றால் அடையாள அட்டை. எங்கள் நாட்டில் குடிமகனுக்கு நீல ஐசி, நிரந்தரவாசிக்குச் சிவப்பு. இங்கேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி, இங்கேயே பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கும் பிறப்புப் பத்திரம் இல்லாததால் சிவப்பு. 1957-இல் சுதந்திரம் வந்த சமயத்தில் போய்ப் பதிந்திருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம். ஒருநாள் டவுனுக்குப் போனால் ஒருநாள் சம்பளம் போச்சு, அதுதான் அன்றைய கணக்கு. சிவப்பை வைத்துக்கொண்டு சாகும்வரை இருக்கலாம், ஆனால் ஓட்டு கிடையாது. நீலத்துக்கு மாற்ற வேண்டுமானால் தேசியப் பதிவு இலாகாவில் மனு போட்டு, நேர்முகத்தில் மலாயில் பதில் சொல்லி, வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கிற இடத்தில் ஏஜென்ட் முளைப்பான். எங்கள் ஊர் ஏஜென்ட் ஓர் ஒட்டுக்கடையின் (சின்னச் சாப்பாட்டுக் கடை) கடைசி மேசையில் உட்கார்ந்திருப்பார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். தலைக்கு 1,500 வெள்ளி (ரிங்கிட்), மூன்று தவணை. "சாப்பு அடிக்கிறவனுக்குக் கோப்பி காசு குடுக்கணும் ஆயா" என்பார். முத்திரை குத்துகிறவனுக்கு லஞ்சம் என்று அர்த்தம். மூன்று வருஷமாகக் கொடுத்தவர்கள் இருந்தார்கள், நீல ஐசி வாங்கியவர் ஒருவர் இல்லை.

ஒரு கல்யாணத்தில் பழக்கமான தொலைக்காட்சித் தயாரிப்பாளரிடம் இதைச் சொன்னேன். "படம் இருந்தா போட்டுரலாம்ணே" என்றார். காசு கொடுக்கிற மாதிரி உட்கார ஆள் வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் பின்வாங்கினார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும், "நான் வர்றேன் தம்பி. ரெண்டு தவணை குடுத்துட்டேன், மூணாவதைக் குடுக்கிற மாதிரி குடுக்கிறேன்" என்றார்.

பொத்தான் கேமராவெல்லாம் என்னிடம் ஏது? கல்யாணத்துக்கு எடுக்கும் ஹேண்டிகேமைப் பாட்டியின் பசார் (சந்தை) கூடைக்குள் வைத்து, பக்கவாட்டில் பின்னலை அறுத்து லென்ஸுக்கு வழி பண்ணி, மேலே கங்குங் கீரைக்கட்டைப் பரப்பினேன். முதல் வாரம் போட்டுப் பார்த்தால் நாற்பது நிமிஷமும் கீரை இலைதான். நல்ல வேளை, அன்றைக்கு ஏஜென்ட் "அடுத்த வாரம் முழுசா கொண்டு வா" என்று காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் கீரைக்குப் பதில் முருங்கைக்காய். அது நகராது.

இரண்டாவது டேப் சுத்தமாக வந்தது. ஏஜென்ட் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஐம்பது வெள்ளி நோட்டுகளை எண்ணுகிறார். பத்து நோட்டு. நீட்டுகிற கை பாட்டியின் கை.

தொலைக்காட்சியில் ஏழு நிமிஷம் ஓடியது. மானநஷ்ட வழக்குக்குப் பயந்து ஏஜென்ட் முகத்தையும் மறைத்தார்கள், பாட்டி முகத்தையும் மறைத்தார்கள். கையை மறைக்கவில்லை. அந்த முன்னங்கையில் பச்சை குத்திய தேள் ஒன்று, அதற்குக் கீழே தாத்தா பேர். தினமும் காலையில் வீடு வீடாகப் புட்டு விற்கிற கை அது. அந்தக் கையால் புட்டு வாங்காத வீடு எங்கள் தாமானில் கிடையாது. எடிட்டிங் அறையில் இருந்தவர்களுக்கு அது வெறும் கிழவியின் கை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். டேப்பைக் கொடுக்கும்போது நான் பார்த்ததெல்லாம் வெளிச்சம் சரியா, ஃபோகஸ் சரியா என்றுதான்.

மறுநாளே ஏஜென்ட்டின் போன் அடைத்துவிட்டது, ஆளும் காணோம். இங்கேதான் நான் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. அவரிடம் ஏற்கெனவே காசு கட்டியிருந்தவர்கள் பாட்டி வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். "நாங்க கட்டுனதையும் சேத்து முழுங்க வச்சிட்டியே." ஏமாற்றுக்காரன் என்று அவர்களுக்கும் உள்ளுக்குள் தெரியும். ஆனால் அவன் அந்த மேசையில் இருக்கிறவரைக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. ரெண்டு மாதம் புட்டு விற்கவில்லை. கேமரா வைத்தது யார் என்று பாட்டியிடம் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அது கல்யாண சீசன்.

இதைப் படித்துவிட்டு "பாட்டி தானே முன்வந்தாங்க, உன் தப்பு என்ன" என்று ஆறுதல் சொல்ல வேண்டாம். இருபது வருஷமாக நானே எனக்கு அதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இப்போது அனாஸுக்கு வருகிறேன். 2015-இல் கானாவில் முப்பதுக்கும் மேற்பட்ட நீதிபதிகள் லஞ்சம் வாங்கியதைப் படம் பிடித்தார். 2018-இல் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத் தலைவர் 65,000 டாலர் வாங்குவதைக் காட்டினார், அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அவரோடு வேலை செய்த அகமது ஹுசைன் சுவாலே என்பவரைத் தேடிப் படியுங்கள். ஓர் அரசியல்வாதி அவருடைய படத்தைத் தொலைக்காட்சியில் காட்டி, கண்ட இடத்தில் அடியுங்கள் என்றார். 2019 ஜனவரியில் அக்ராவில் காரில் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். மணிச்சரம் அனாஸின் முகத்துக்கு மட்டும்தான்.

இந்தியாவில் 2001-இல் தெஹல்கா என்ற செய்தித்தளத்தின் அனிருத்த பஹலும் மேத்யூ சாமுவேலும் இல்லாத ஓர் ஆயுதக் கம்பெனியை உண்டாக்கி, அப்போதைய பாஜக தலைவர் பங்காரு லட்சுமணன் ஒரு லட்சம் ரூபாய் வாங்குவதைப் பிடித்தார்கள். தண்டனை வந்தது 2012-இல். பதினோரு வருஷம் சாட்சியாகக் கோர்ட்டுக்கு அலைவதும் இந்த உத்தியோகத்தில் சேர்த்தி. அதே மறைகேமரா வேலையில் ராணுவ அதிகாரிகளுக்குப் பெண்களை அனுப்பிய விஷயமும் வெளியே வந்து நாறியது. 2007-இல் டெல்லியில் ஒரு சேனல் ஓர் ஆசிரியையைப் பற்றிப் போலியாகவே ஒரு படம் போட்டது, கூட்டம் அவரை நடுத்தெருவில் அடித்தது. சேனலுக்கு ஒரு மாதத் தடை.

நம் நாட்டில் எனக்குப் பிடித்தது ஸ்டார் நாளிதழின் ஆர்.ஏஜ் குழு 2016-இல் செய்தது. சிறுமிகளை வலைபோடும் ஆட்களைப் பிடிக்க, செய்தியாளர்களே சிறுமி வேஷத்தில் பேசி, நேரில் போய் மறைகேமராவில் எடுத்தார்கள். தூண்டிலில் அடுத்த வீட்டுக் கிழவியை மாட்டவில்லை. 2017-இல் சிறார் பாலியல் குற்றச் சட்டம் வந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

கேமரா என்றதும் இன்னொன்று. இப்போது தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் போனைத் தூக்கிக்கொண்டு என் முக்காலிக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் அம்மா, "தாலி கட்டுறது சரியா வரலையே தம்பி" என்று மீதிப் பணத்தில் 400 வெள்ளி பிடிக்கிறார். அந்த நூறு போனில் ஒன்றிலாவது வந்திருக்குமே, அவர்களிடம் கேட்க வேண்டியதுதானே? இதை யாராவது தனிக் கேள்வியாகப் போடுங்கள், விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

உங்களுக்கு உருப்படியாக ஒன்று: நம் நாட்டின் 2010-ஆம் வருஷத்துத் தகவல் தெரிவிப்பவர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள். போலீஸ் மாதிரி ஓர் அமலாக்க இலாகாவிடம் சொல்கிறவருக்குத்தான் அதில் பாதுகாப்பு. தொலைக்காட்சியிடம் சொல்கிறவருக்கு இல்லை. அப்புறம், தூண்டில் காசு யாருடையது என்பதை முதல் நாளே கேளுங்கள். நான் கேட்கவில்லை. "நோட்டு நாங்க குடுத்து விடுறோம்" என்ற தயாரிப்பாளர் அனுப்பவில்லை. அந்தப் பத்து நோட்டும் பாட்டி புட்டு விற்றுச் சேர்த்தது. எனக்குத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து 300 வெள்ளி வந்தது. அதோடு 200 சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். பாட்டி வாங்கவில்லை. "காசை நீயே வச்சுக்க. ஐசி வாங்கிக் குடு" என்றார்.

மனு எழுதிப் போட்டோம், நானே ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நேர்முகத்துக்கு அழைப்பு வரவே இல்லை. 2013-இல் சிவப்பு ஐசியோடு இறந்துபோனார். அறுபது தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்போவதாக அரசாங்கம் அறிவித்தது 2018-இல்.

கருமாதிக்கு மாட்ட நல்ல படம் இல்லை என்று அவர் மகன் என்னிடம் வந்தார். ஐசி படம் மங்கிப்போயிருந்தது. முதல் வாரத்து டேப்பைப் போட்டுத் தேடினேன். கீரை இலை வந்து மூடுவதற்கு முன்னால் நாலு விநாடி, பாட்டி கூடைக்குள் குனிந்து நேராக லென்ஸைப் பார்த்து, "ஓடுதா தம்பி?" என்கிறார். அந்த ஃபிரேமைத்தான் பெரிசாக்கிக் கொடுத்தேன். எங்கே எடுத்தது என்று மகன் கேட்டதற்கு, ஏதோ கல்யாணத்தில் என்றேன்.