முள்ளின் நீளத்தைப் பார்க்காதீர்கள், அது முளைக்கும் இடத்தைப் பாருங்கள்

கேள்வி: கென்யா, தான்சானியா சவானாவில் எடுத்த முட்புதர்ப் படங்களை வகைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். எல்லாமே பொடி இலையும் முள்ளுமாக ஒரே மாதிரி இருக்கின்றன. பழைய கையேடு எல்லாவற்றையும் அக்கேசியா என்கிறது. கைப்பேசிச் செயலியோ வச்செல்லியா, செனகேலியா என்கிறது. எப்படிப் பிரிப்பது? எந்தப் பெயரை எழுதுவது?

பதில்: வச்செல்லியாவும் செனகேலியாவும் பழைய அக்கேசியாவிலிருந்து பிரிக்கப்பட்ட பேரினங்கள், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்புகள். பெரும்பாலானோர் முள்ளின் நீளத்தை வைத்துப் பிரிக்கப் பார்க்கிறார்கள். அது ஏமாற்றிவிடும். ஒட்டகச்சிவிங்கியும் ஆடும் ஓயாமல் மேயும் கிளையில் முள் நீண்டு வளரும். அதே செடியில் விலங்குக்கு எட்டாத உச்சிக் கிளையில் குட்டையாக இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில்தான் விடை இருக்கிறது. கை லென்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இலைக்காம்பின் அடியில், இரு பக்கமும் ஒவ்வொன்றாக முட்கள் ஜோடியாக நின்றால் அது வச்செல்லியா. அவை இலையடிச்செதில்களே முள்ளாக மாறியவை. செனகேலியாவின் முட்கள் தண்டின் மேற்பட்டையிலிருந்து எழும்பியவை, பெரும்பாலும் கொக்கிபோல் வளைந்தவை. செனகேலியா மெல்லிஃபெராவில் கணுவுக்கு இரண்டு கொக்கிகள் இருக்கும். அரபுப் பிசின் தரும் செனகேலியா செனகலில் பெரும்பாலும் மூன்று: நடுவில் உள்ளது கீழ்நோக்கியும் பக்கத்து இரண்டும் மேல்நோக்கியும் வளைந்திருக்கும். இந்த அமைப்பை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

கொக்கி இருந்தாலே செனகேலியா என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். வச்செல்லியா டார்டிலிஸில் நீண்ட வெள்ளை நேர்முள்ளும் குட்டைக் கொக்கியும் ஒரே கிளையில் கலந்து வரும். அதன் நெற்று சுருள்சுருளாக முறுக்கிக்கொண்டிருப்பதால் காய்த்த காலத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை.

பூவும் உதவும். வச்செல்லியாவில் பெரும்பாலும் உருண்டைப் பூங்கொத்து, செனகேலியாவில் பெரும்பாலும் நீண்ட கதிர். ஆனால் மெல்லிஃபெராவின் கதிர் மிகக் குட்டையாக, ஏறக்குறைய உருண்டையாகவே தோன்றும். ஆகவே பூவை மட்டும் நம்பாமல் முள்ளோடு சேர்த்துப் பாருங்கள்.

இந்தக் கூட்டத்தில் சேராத ஒன்றும் உங்கள் படங்களில் இருக்கக்கூடும்: டைக்ரோஸ்டாக்கிஸ் சினேரியா, தமிழில் விடத்தேரை. அதன் முள் செதிலும் அல்ல, பட்டையின் எழும்பலும் அல்ல. ஒரு சிறு கிளையே நுனி கூர்ந்து முள்ளாகியிருக்கும், சில சமயம் அந்த முள்மேலேயே இலை முளைத்திருக்கும். பூங்கதிரில் ஒரு பாதி இளஞ்சிவப்பு, மறு பாதி மஞ்சள். இதைப் பூக்காத காலத்தில் வேல மரமென்று பதிவு செய்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

உண்மையிலேயே கடினமான ஜோடி வச்செல்லியா டிரெபனோலோபியமும் வச்செல்லியா செயாலின் ஃபிஸ்டுலா என்ற வகையும். இரண்டிலும் முள்ளின் அடி உப்பிப் பொந்தாகி எறும்பு குடியிருக்கும், இரண்டும் கரிய களிமண் நிலத்தில் வளரும். எனவே உப்பலைப் பார்த்ததும் பெயர் எழுதிவிடாதீர்கள். டிரெபனோலோபியத்தின் பூ வெண்மை, செயாலின் பூ பளிச்சென்ற மஞ்சள். பூ இல்லையென்றால் பட்டையைத் தடவிப் பாருங்கள். செயாலின் பட்டை மாவு பூசியதுபோல் வெளிறியிருக்கும், டிரெபனோலோபியத்தினுடையது கருஞ்சாம்பல்.

இனி பெயர். அக்கேசியா என்ற ஒரே பேரினத்தில் 1,300க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. அதைப் பிரிக்க வேண்டி வந்தபோது, 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அந்தப் பெயரை ஆஸ்திரேலிய இனங்கள் பக்கம் விட்டது. ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அந்த வருத்தம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனாலும் 2011இல் மெல்போர்ன் மாநாடு அதை உறுதிசெய்துவிட்டது. அதனால் வச்செல்லியா, செனகேலியா என்றே எழுதுங்கள், பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் சேருங்கள். இனப்பெயர் பெரும்பாலும் மாறவில்லை. அக்கேசியா டார்டிலிஸ்தான் இன்று வச்செல்லியா டார்டிலிஸ், எனவே பழைய கையேட்டில் இரண்டாம் சொல்லை வைத்துத் தேடலாம்.

கணு தெளிவாக இருந்தும் பூவும் காயும் இல்லாத படங்களில் பேரினத்தோடு நிறுத்தி, 'வச்செல்லியா, இனம் தெரியவில்லை' என்று எழுதுங்கள். கணுவே மங்கலாக இருந்தால் பேரினமும் வேண்டாம். அடுத்த முறை ஒவ்வொரு செடிக்கும் கணு, பட்டை, பூ அல்லது நெற்று, முழு உருவம் என நான்கு படம் எடுங்கள். மண்ணின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.