சட்டம் போட்டும் இறங்கும் பஞ்சாப் போர்வெல்

கேள்வி: ஐந்து ஆறு என்று பெயரிலேயே கொண்ட பஞ்சாபிலேயே நிலத்தடி நீர் கீழே போகிறதாமே, அதற்கென்று சட்டமும் இருக்கிறதாமே, அப்புறமும் ஏன் நிற்கவில்லை?
- ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: சட்டம் 2009-இல் வந்தது. ஆனால் எவ்வளவு தண்ணீர் இறைக்கலாம் என்று அது சொல்லவில்லை, நெல்லை எப்போது நடலாம் என்றுதான் சொன்னது. மே 10-க்கு முன் நாற்றுவிடக் கூடாது, ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்பது அன்று வைத்த தேதி. மீறினால் பயிரை அழித்துவிட்டு அந்தச் செலவையும் விவசாயியிடமே வாங்கலாம், ஹெக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் அபராதமும் உண்டு. நோக்கம் சரியானதுதான். அங்கே பருவமழை வர ஜூன் கடைசி ஆகிவிடும், அதுவரை அனல்காற்றில் வயலில் தண்ணீர் கட்டினால் பெரும்பகுதி ஆவியாகத்தான் போகும். பல லட்சம் மோட்டார்களை அளக்க ஆள் கிடையாது, ஆனால் நட்ட வயல் ரோட்டில் போகிறவர் கண்ணுக்கே தெரியும், அதனால் இந்தச் சட்டம் ஓரளவு நடைமுறைக்கும் வந்தது.

சிக்கல் மற்ற இரண்டில். 1997-இல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமானது, நடுவில் சில ஆண்டு தவிர இன்றும் அப்படித்தான். நடுராத்திரி கரண்ட் வந்தால் ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தானே ஓட்டிவிடும், வயல் நிரம்பி வழிந்தாலும் நிறுத்த ஆள் இருக்காது. நெல்லை அரசு ஆதரவு விலைக்கு வாங்கிக்கொள்கிறது, மக்காச்சோளத்துக்கு அந்த உறுதி இல்லை. பிறகு யார் பயிரை மாற்றுவார்? மத்திய நிலத்தடி நீர் வாரியக் கணக்குப்படி, எடுக்கத் தகுந்தது 100 என்றால் அங்கே எடுப்பது 150-க்கும் மேல். மேலே இருந்த மோட்டாரால் இழுக்க முடியாமல் சப்மர்சிபிள் இறக்க வேண்டியதாயிற்று, அதற்குக் கடன் வாங்கிய சிறு விவசாயியை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னொன்றும் நடந்தது. நடவு தள்ளியதால் அறுவடையும் தள்ளியது, நவம்பர் நடுவுக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும், இடையில் இரண்டு மூன்று வாரம்தான். அறுத்த நெல்லின் தாளை வயலிலேயே எரிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை, காற்று அசையாத அந்தக் குளிரில் புகை டில்லிவரை போய்ப் படிகிறது. இதற்கு விவசாயியை மட்டும் திட்டுவது அநியாயம். தண்ணீரைக் காக்கப் போட்ட தேதிக்கும் அதில் பங்கு இருக்கிறது.

லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் பிஆர் 126 ரகம் விதையிலிருந்து அறுவடைக்குச் சுமார் நான்கு மாதம், பழைய பூசா 44-க்கு ஐந்து மாதத்துக்கும் மேல். ஒரு மாத இறைப்பு மிச்சம், தாளை மடக்கி உழவும் நாள் கிடைக்கும். நான் முதலில் கேட்பது அந்த விதையைத்தான், கூடவே மக்காச்சோளத்துக்கும் நெல்லைப் போலவே உறுதியான கொள்முதல்.