உற்பத்தியை அளக்கிறார்கள், நுகர்வைக் கணக்குப் போடுகிறார்கள்

கேள்வி: ஒரு நாட்டின் மின்சார உற்பத்தியையும் நுகர்வையும் எப்படி அளக்கிறார்கள்? எல்லா வீட்டு மீட்டரையும் கூட்டித்தான் சொல்கிறார்களா?

கூட்டுகிறார்கள்தான். ஆனால் செய்தியில் நீங்கள் பார்க்கிற எண் அங்கிருந்து வருவதில்லை. "நேற்று தமிழ்நாட்டின் மின் நுகர்வு இவ்வளவு" என்று மறுநாள் காலையிலேயே சொல்லிவிடுகிறார்கள். நம் வீட்டுக்கு ரீடிங் எடுக்க ஆள் வருவதோ இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அப்படியானால் ஒரே ராத்திரியில் எப்படித் தெரிந்தது? மின்சாரம் உற்பத்தியான இடத்திலும் மாநிலத்துக்குள் நுழைந்த இடத்திலும் அளந்த எண் அது. வீட்டு மீட்டர் எதையும் அதற்காக யாரும் பார்க்கவில்லை.

மின்துறையில் மீட்டர் சோதனைப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த இந்தியாவை வைத்தே சொல்கிறேன்.

முதலில் மூன்று எண்களைப் பிரித்துவிடுவோம். ஒரு கல்யாண மண்டபம். பந்தியில் எத்தனை பேர் உட்கார இடம் இருக்கிறது என்பது நிறுவுதிறன். கூட்டம் நெரிந்த அந்த ஒரு பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்பது உச்சத் தேவை. காலையிலிருந்து மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டுப் போனார்கள் என்பதுதான் உற்பத்தி, நுகர்வு என்று நாம் பேசுவது. முதல் இரண்டும் மெகாவாட்டில் வரும், மூன்றாவது யூனிட்டில் வரும். நம் பில்லில் இருக்கிற அதே யூனிட்தான், அதாவது ஒரு கிலோவாட் மணி. பத்து லட்சம் யூனிட் சேர்ந்தால் ஒரு மில்லியன் யூனிட். எங்கள் ஆட்கள் வாயில் 'எம்.யு.'

2024 மார்ச் முடிவில் இந்தியாவின் நிறுவுதிறன் சுமார் 4,42,000 மெகாவாட். அந்த நிதியாண்டின் உச்சத் தேவை, 2023 செப்டம்பரில், சுமார் 2,43,000 மெகாவாட். ஆண்டு முழுதும் உற்பத்தியானது ஏறத்தாழ 1,740 பில்லியன் யூனிட். இதை ஆண்டின் மணி நேரங்களால் வகுத்துப் பாருங்கள், சராசரியாக 1,98,000 மெகாவாட் ஓடியிருக்கிறது. ஆயிரம் மெகாவாட்டை ஓர் ஆளாக வைத்தால், இடம் 442 பேருக்கு, அதிகமாக உட்கார்ந்தது 243, சராசரி 198. சூரிய ஒளி ராத்திரியில் இல்லை, காற்று ஆடி மாதத்தில் அடிப்பது போல தையில் அடிப்பதில்லை, அதனால்தான் இவ்வளவு இடைவெளி. "புதிதாக இத்தனை மெகாவாட் சேர்த்தோம்" என்ற அறிவிப்பைக் கேட்டு உற்பத்தியும் அதே அளவு ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். "ஒரே நாளில் 20,000 மெகாவாட் நுகர்வு" என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். தமிழ்நாட்டில் 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது ஒரு கண நேரத்துத் தேவை. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 30 அன்று, நாள் முழுக்கச் செலவானது சுமார் 454 மில்லியன் யூனிட். இரண்டும் வேறு வேறு சங்கதி.

சரி, உற்பத்திக்கு வருவோம். கூடங்குளத்தில் ஓர் அலகு 1,000 மெகாவாட். முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 24 மில்லியன் யூனிட். ஜெனரேட்டர் வாயிலேயே அளந்தால் அது மொத்த உற்பத்தி. ஆனால் மின்நிலையம் தனக்கே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அனல் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைக்கிற மில், பெரிய பெரிய விசிறிகள், கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்பு என்று நூறு யூனிட் செய்தால் ஆறு முதல் ஒன்பது யூனிட் வரை அங்கேயே தீர்ந்துவிடும். நீர்மின் நிலையத்தில் ஒரு யூனிட் போனால் அதிகம். இது போக வெளியே கம்பியில் ஏறுவதுதான் நிகர உற்பத்தி. ஒரு நாடு மொத்த எண்ணைச் சொல்லும், இன்னொன்று நிகர எண்ணைச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சண்டை போடுகிறவர்களை இணையத்தில் நிறையப் பார்க்கிறேன்.

அளக்கிற கருவியும் அடிப்படையில் நம் வீட்டு மீட்டர் போன்றதுதான். ஆனால் அவ்வளவு கரண்டையும் அவ்வளவு வோல்டேஜையும் எந்த மீட்டரும் தாங்காது. அதனால் கரண்டைச் சுருக்கித் தர ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர், அதுதான் சிடி. வோல்டேஜைச் சுருக்கித் தர இன்னொன்று, அது பிடி. மீட்டர் பார்ப்பது நிஜத்தின் குட்டி நகலை மட்டுமே. எத்தனை மடங்கு சுருக்கினோமோ அத்தனை மடங்கு கடைசியில் பெருக்க வேண்டும். 200 ஆம்பியரை 5 ஆம்பியராக்கும் சிடி, 11,000 வோல்ட்டை 110 ஆக்கும் பிடி என்றால் 40 பெருக்கல் 100, ஆக 4,000. மீட்டரில் ஒன்று ஏறினால் 4,000 யூனிட். இந்தப் பெருக்கும் எண்ணை ஒருவர் தப்பாக எழுதி வைத்தால் மீட்டர் அற்புதமாக ஓடும், கணக்கு மட்டும் பாதியாகிவிடும். என் வேலைக்காலத்தில் மீட்டர் கெட்டுப்போய் வந்த பிழையைவிட இப்படி வந்த பிழைதான் அதிகம்.

நிலையமும் மின்கட்டமைப்பும் சேரும் இடத்தில், மாநிலமும் மத்தியக் கட்டமைப்பும் சேரும் இடத்தில் இருக்கிற மீட்டர்கள் மிகத் துல்லியமானவை. மீட்டர் நிறுவுவதற்கென்று மத்திய மின்சார ஆணையம் 2006 இல் போட்ட விதிகள் இருக்கின்றன. அதன்படி முக்கிய மீட்டர் ஒன்று, அதைச் சரிபார்க்க இன்னொன்று. துல்லியம் 0.2 சதவீத வகுப்பு. வீட்டு மீட்டர் நூற்றுக்கு ஒன்று தப்பலாம், இது ஆயிரத்துக்கு இரண்டு. அந்த 0.2 சதவீதத்தையும் சின்னதாக நினைக்காதீர்கள். கூடங்குளத்தின் ஓர் அலகுக்கு அது ஒரு நாளைக்கு 48,000 யூனிட்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சப்ஸ்டேஷனில் மணிக்கொரு தடவை பேனலைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுதுவார்கள். ராத்திரி பன்னிரண்டு மணி ரீடிங்கை லோடு டெஸ்பாட்ச் சென்டருக்கு, அதாவது மின் அனுப்புகை மையத்துக்கு, போனில் ஒப்பிக்க வேண்டும். அந்தப் போனுக்குத் தனியாகக் கம்பி கிடையாது. உயர் அழுத்த மின்கம்பியிலேயே குரலையும் ஏற்றி அனுப்புவார்கள். மழைக்காலத்தில் இரைச்சல் காதைப் பிளக்கும், "ஏழா, ஏழரையா?" என்று கத்திக் கத்தி எழுதிய எண்கள் எல்லாம் அந்தக் காலத்துப் புள்ளிவிவரத்தில் இருக்கின்றன. இப்போது நாள் 96 துண்டாகப் பிரிந்திருக்கிறது, துண்டுக்குப் பதினைந்து நிமிடம். ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு எடுத்தாய், எவ்வளவு எடுப்பதாகச் சொல்லியிருந்தாய் என்று மாநிலத்தைக் கேட்கிற கணக்கு. தென்னிந்தியாவுக்கான அனுப்புகை மையம் பெங்களூரில், நாட்டுக்கானது டெல்லியில்.

உற்பத்தியும் நுகர்வும் அந்தந்த நொடியில் சமமா என்று காட்டுகிற மீட்டர் ஒன்று உண்டு, அதுதான் அதிர்வெண், அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை அலையடிக்கிறது என்பது. இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ். எடுப்பது கூடினால் நாடு முழுக்கச் சுழலும் எந்திரங்கள் எல்லாம் ஒரு சுமையை உணர்ந்து மெல்ல மந்தமாகும், 49.9க்குக் கீழே இறங்கும். குறைந்தால் வேகம் பிடிக்கும். எத்தனை யூனிட் என்று அது சொல்லாது, தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் சொல்லும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவன் கண் மற்ற எண்களைவிட இதன் மேல்தான் இருக்கும்.

இன்னொரு சிக்கல், யாருடைய உற்பத்தி என்பது. கூடங்குளம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது, நெய்வேலியும் இங்கேதான். ஆனால் அந்த மின்சாரம் முழுவதும் தமிழ்நாட்டுக்கு இல்லை, பக்கத்து மாநிலங்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே மாநிலத்தின் அன்றாட நுகர்வு என்றால், இங்கே சொந்தமாக உற்பத்தியாகிக் கம்பியில் ஏறியது, அதோடு மத்தியக் கட்டமைப்பிலிருந்து எல்லையில் உள்ளே வந்தது, அதில் வெளியே போனதைக் கழித்தது. நாட்டுக்கும் இதே கணக்குதான். பூட்டானிலிருந்து வருவதைக் கூட்டி, வங்கதேசத்துக்குப் போவதைக் கழிப்பார்கள்.

இப்போது கவனியுங்கள், இதில் லைன் லாஸும் சேர்ந்தே இருக்கிறது. திருட்டும் சேர்ந்தே இருக்கிறது. கம்பி சூடானதையும் யாரோ கொக்கி போட்டதையும் சேர்த்து நுகர்வு என்கிறோம். உண்மையில் கடைசி ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று தெரிய, பில் போட்ட யூனிட்டைக் கூட்ட வேண்டும். அங்கேதான் நீங்கள் கேட்ட வீட்டு மீட்டர் வருகிறது. அதுவும் நேராக ஒட்டாது. மே மாதம் ஏசி ஓடிய கரண்ட் உங்கள் வீட்டில் ஜூனில் பில்லாகும், பக்கத்துத் தெருவில் ஜூலையில். மாதக் கணக்கை மாதத்தோடு ஒப்பிட்டால் சில மாதம் லைன் லாஸ் பயங்கரமாகத் தெரியும், சில மாதம் இல்லவே இல்லாததுபோல் தெரியும். வருடக் கணக்கில்தான் இது ஓரளவு சமமாகும்.

எந்த மீட்டரிலும் வராமல் போவதும் உண்டு. ஆலைகள் தங்களுக்கென்று வைத்திருக்கும் மின்நிலையங்களை, அரை மெகாவாட்டும் அதற்கு மேலும் தேவை உள்ள ஆலைகளிடம் தகவல் கேட்டு மத்திய மின்சார ஆணையம் சேர்த்துக்கொள்கிறது. அடுக்குமாடியில் ஓடும் டீசல் ஜெனரேட்டரை யார் எழுதினார்கள்? 2010ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் கடைக்குக் கடை வாசலில் ஜெனரேட்டர் உறுமியதே, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இப்போது மொட்டைமாடி சோலார். மதியம் உங்கள் பேனல் செய்து உங்கள் ஃபிரிட்ஜே குடித்துவிட்ட கரண்ட் இ.பி. மீட்டரைத் தாண்டவே இல்லை. வெளியே இருந்து பார்த்தால் பகலில் நீங்கள் சிக்கனமாகிவிட்டது போலத் தெரியும்.

தனிநபர் நுகர்வு என்று ஒன்று சொல்வார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023-24க்கு இந்தியாவின் எண் 1,395 யூனிட். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 930 யூனிட் என்று ஆகிறது. உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள், பலருக்கு அதில் பாதிகூட இருக்காது. தப்பு ஒன்றும் இல்லை. ஆலைகளின் சொந்த உற்பத்தியையும் சேர்த்து மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்த எண் அது. ரயில், இரும்பு ஆலை, மின்நிலையம் தானே தின்றது, லைன் லாஸ் எல்லாம் உங்கள் தலையிலும் என் தலையிலும் சரிசமமாக விழுந்திருக்கிறது. உலக வங்கி அந்த இழப்பையும் நிலையத்தின் சொந்தச் செலவையும் கழித்துவிட்டு வகுக்கும், அதனால் அங்கே எண் குறைவாக இருக்கும்.

எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை இல்லாத எண் ஒன்று உண்டு என்றால், அது விவசாயப் பம்புசெட் நுகர்வுதான். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம், இருபது லட்சத்துக்கும் மேல் சர்வீஸ், பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. மோட்டாரின் குதிரைத்திறனை வைத்தும், சில இடங்களில் மாதிரிக்கு வைத்த மீட்டரை வைத்தும் மதிப்பிடுவார்கள். 5 குதிரைத்திறன் என்றால் 3.73 கிலோவாட். நாளைக்கு ஆறு மணி நேரம், வருடத்துக்கு 200 நாள் என்று வைத்தால் சுமார் 4,500 யூனிட். ஆறு மணி நேரம் என்று யார் சொன்னது? கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய் விவசாயி சத்தமில்லாமல் ஏழரைக் குதிரைத்திறன் மோட்டாரை இறக்கியிருந்தால்? நான் விவசாயியைக் குறை சொல்லவில்லை. மீட்டர் இல்லாத ஒரு தலைப்பு இருந்தால், கணக்கில் உதைக்கிற எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிடலாம் என்கிறேன்.

தள்ளியதை நானே பார்த்திருக்கிறேன். 1990களில் ஒரு நூற்பாலை. விரிவாக்கம் செய்து, மூன்று பேஸுக்கும் புது சிடி போட்டார்கள். மாதம் மூன்று லட்சம் யூனிட் வர வேண்டியது, பழைய மாதிரியே ஒரு லட்சம்தான் வந்தது. "புது மெஷின் இன்னும் முழுசா ஓடலை சார்" என்றார் ஆலை மேனேஜர். அதே ஃபீடரில், அதாவது சப்ஸ்டேஷனிலிருந்து புறப்படும் அதே மின்பாதையில், பம்புசெட்டுகளும் இருந்தன. சப்ஸ்டேஷனில் புறப்பட்ட யூனிட்டுக்கும் பில் போட்ட யூனிட்டுக்கும் மாதம் இரண்டு லட்சம் இடித்தது. கோடைதானே, மோட்டார் கூட ஓடியிருக்கும் என்று யாரோ அதைப் பம்புசெட் தலைப்பில் ஏற்றிவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து நாங்கள் சோதனைக்குப் போனோம். பெட்டியைத் திறக்கும் முன்பே எனக்குச் சந்தேகம். மூன்றில் இரண்டு பங்கு ஓடினால் ஒரு பிடி ஃபியூஸ் போயிருக்கும். மூன்றில் ஒன்று என்றால் ஒரு சிடியின் ஒயர் திரும்பியிருக்கும், இரண்டு பேஸ் கூட்ட, ஒன்று கழிக்கும். அப்படியே இருந்தது. ஒயரை மாற்றிப் போட்டதும் மீட்டர் வட்டு பம்பரமாய்ச் சுற்ற ஆரம்பித்தது.

விடுபட்ட பத்து லட்சம் யூனிட்டுக்கும் ஆலைக்குப் பில் போனது, அவர்களும் தவணையில் கட்டினார்கள். ஆனால் பம்புசெட் தலைப்பில் ஏற்றியதை யாரும் இறக்கவில்லை. நான் கேட்டதற்கு, "போன வருஷக் கணக்கு மேலே போயிடுச்சு, விடுங்க" என்றார்கள். அந்தப் பத்து லட்சம் யூனிட் ஒரு வருடத்தில் விவசாயம் என்றும், அடுத்த வருடத்தில் தொழிற்சாலை என்றும் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது.