ஜதி தெரிந்தவள் கையில் கேமரா

கேள்வி: என் மகள் 12 ஆண்டுகள் பரதநாட்டியம் கற்றாள். அரங்கேற்றமும் நடந்தது. இப்போது தனியாகப் படம் எடுக்கப் போகிறேன் என்கிறாள். நீங்களும் நடனத்திலிருந்து படத்துக்கு வந்தவர். கற்றதெல்லாம் வீண்தானா? (ஒரு தாய், தேவகோட்டை)

பதில்: வீணில்லை ஆச்சி. இதே கேள்வியைக் கேட்டு என் அம்மா மூன்று மாதம் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் முதல் படம் 11 நிமிடம் ஓடும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்கிறவர் ஒருவரின் கைகளைப் பற்றியது. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சை நேராக மேலே தூக்குவார். படத்தைத் தொகுத்தவர், அச்சு எழும்பியதும் வெட்டிவிட்டார். பார்த்தபோது என் உடம்பு ஒப்பவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது: மேலே போன கை அங்கே சற்று நின்று, அதன் பிறகே தளர்கிறது. ஜதி என்ற தாளச் சொற்கட்டை முடிக்கையில் அறுதி வைத்து நிற்போமே, அந்த நிற்றல். 12 ஃபிரேம் தள்ளி வெட்டச் சொன்னேன். அரை நொடிதான். காட்சி உயிர் பெற்றது. இதை எனக்குக் கற்றுத் தந்தது கேமரா அல்ல, என் வாத்தியார் தாளம் தட்டும் தட்டுக்கழி.

மாயா டெரன் என்றொருவர் அமெரிக்காவில் கேதரின் டன்ஹமின் நடனக் குழுவோடு வேலை பார்த்தவர். 1945-ல் அவர் எடுத்த படம் மூன்று நிமிடம்கூட ஓடாது. டாலி பீட்டி என்ற நடனக் கலைஞர் காட்டில் தூக்கிய காலை அறைக்குள் ஊன்றுகிறார். இடம் மாறினாலும் அசைவு அறுபடுவதில்லை. ஷெர்லி கிளார்க்கும் நடனக்காரர்தான். 1953-ல் வந்த அவருடைய முதல் படத்தில், மேடையில் தொடங்கும் அசைவு கடற்கரையில் தொடர்கிறது. அதே கிளார்க் ஒரே இரவில், தன் வீட்டிலேயே, ஒரு மனிதரைப் பேசவைத்து முழுப் படம் எடுத்தார்; அது 1967-ல் வெளிவந்தது. உங்கள் மகளும் நடனத்தைப் பற்றித்தான் படம் எடுக்க வேண்டும் என்பதில்லை.

பணத்தைப் பற்றி மறைக்க மாட்டேன். முதல் ஐந்து ஆண்டுகளில் படம் எனக்கு ஒரு ரூபாய் தரவில்லை. சனி, ஞாயிறு காரைக்குடியில் நடத்திய நடன வகுப்புதான் ஒலிப்பதிவுக் கூலியைக் கொடுத்தது. சலங்கையைப் பரணில் போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: செட்டிநாட்டு வீடுகளை எல்லாப் படத்திலும் காட்டிவிட்டார்கள். இங்கே புதிதாக எடுக்க என்ன இருக்கிறது? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

பதில்: தம்பி, முகப்பைத்தான் காட்டியிருக்கிறார்கள். பின்கட்டுக்குப் போங்கள். ஓலையில் கொட்டான் முடைகிற ஒரு பெண்ணின் விரல்களை ஒரு மணி நேரம் பாருங்கள், கேமரா இல்லாமல்.

கேள்வி: நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் படம் எடுத்தார்களாமே? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: ஆமாம். ஏ.வி. மெய்யப்பனின் ஸ்டூடியோ முதலில் காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. 1947-ல் வெளியான ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். டி.கே. பட்டம்மாள் பாரதி பாடலைப் பாட, குமாரி கமலா அதில் ஆடினார். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கேள்வி: குறும்படம் முடித்துவிட்டேன். திரையிட இடம் கிடைக்கவில்லை. (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: டெரன் 1946-ல் நியூயார்க்கில் ஒரு நாடக அரங்கை வாடகைக்கு எடுத்துத் தன் படங்களைத் தானே காட்டினார். நான் எங்கள் வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், வெள்ளை வேட்டியைக் கட்டிக் காட்டினேன். கல் செய்தவர் குடும்பத்தோடு முன்வரிசையில் இருந்தார். உங்கள் வீட்டிலும் வளவு இருக்குமே? தேதி முடிவானதும் எழுதுங்கள், வருகிறேன்.