வாசகர் கேள்வி – பதில்: பழைய படத்தில் பயிற்சித் தாதியர்

கேள்வி: என் மகள் தாதியர் பயிற்சிக்குச் செல்லவிருக்கிறாள். ஓய்வுபெற்ற தாதியான என் மாமி, உலகப் போர்க் காலத்துப் பிரித்தானியப் படமொன்றை அவள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறார். கட்டடக் கலைஞரான ஒரு பெண் தாதியாகும் கதையாம். எந்தப் படம் அது? – வாசகி, இணுவில்

பதில்: 1943இல் வெளிவந்த 'த லாம்ப் ஸ்டில் பேர்ன்ஸ்' என்ற படத்தையே உங்கள் மாமி குறிப்பிடுகிறார். நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸின் கொள்ளுப்பேத்தியான மொனிக்கா டிக்கன்ஸ், போர்க்காலத்தில் தாம் பெற்ற தாதியர் பயிற்சியை வைத்து 1942இல் எழுதிய நூலைத் தழுவி, மொரிஸ் எல்வி இதனை இயக்கினார். தயாரிப்பாளர் லெஸ்லி ஹவார்ட், தாம் பயணம் செய்த விமானத்தை ஜெர்மன் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தியதால், படம் திரைக்கு வருமுன்பே அவ்வாண்டு ஜூன் மாதம் உயிரிழந்தார். சொந்தத் தொழிலில் காலூன்றிவிட்ட ஹிலரி (ரொஸமண்ட் ஜோன்) வைத்தியசாலையில் கடைநிலைப் பயிற்சியாளராகி, சொன்னதைச் செய்யப் பழகுவதற்குப் படும் பாடுதான் படத்தின் உயிர். ஸ்டூவர்ட் கிறேஞ்சர் தொழிற்சாலை முதலாளியாக வரும் காதல் பகுதி எனக்கு அவ்வளவாகச் சுவைக்கவில்லை.

கேள்வி: அக்காலப் படங்களில் தலைமைத் தாதியர் காட்டும் கண்டிப்பு மிகையானதல்லவா? – வாசகர், கொக்குவில்

பதில்: இல்லை. அக்காலப் பிரித்தானிய வைத்தியசாலை விடுதிகளில் கட்டிற் சில்லுகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தலையணை உறையின் திறந்த வாய் வாசலை நோக்கியிருக்கக் கூடாது.

கேள்வி: திருமணம் செய்தால் தாதி வேலையை விட வேண்டும் என்பது உண்மையா, கதைக்காகச் சேர்த்ததா? – வாசகி, மானிப்பாய்

பதில்: உண்மையே. பயிற்சித் தாதியர் வைத்தியசாலைத் தங்குமிடத்திலேயே தங்கி, இரவு திரும்பும் நேரத்துக்குக்கூடக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்த அமைப்பில், மணமான பெண்ணுக்கு இடமில்லை என்றே நிர்வாகங்கள் கருதின. படம் வெளிவந்த அதே 1943இல், தாதியர் சம்பளத்தை ஆராய்ந்த ரஷ்கிளிஃப் குழு அவர்களின் வேலை நேரத்தை இரண்டு கிழமைக்கு 96 மணித்தியாலங்களாக வரையறுக்கப் பரிந்துரைத்தது என்றால், அதற்கு முன்னர் இருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம். போர்க்காலத் தாதியர் தட்டுப்பாடுதான் மணமானவர்களையும் மீண்டும் விடுதிகளுக்கு அழைத்து வந்தது. நிர்வாகங்களின் மனமாற்றம் அதற்குப் பிந்தியதே. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கடமைக்கு வரும் தாதியரை நாள்தோறும் காணும் யாழ்ப்பாணத்தாருக்கு, திருமணமா தாதித் தொழிலா என்ற ஹிலரியின் சிக்கல் விளங்காமற் போகலாம். ஆகவே மகளைத் தனியே பார்க்க விடாமல், இணுவில் வாசகியின் மாமியும் உடனிருந்து பார்ப்பது நல்லது.