மண்ணில் கிருமி இல்லை என்றால் உண்மையில் இல்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பத்து வருடத்துக்கு முன்பு எங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பசு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் இறந்தது. அங்கேயே புதைத்துவிட்டோம். போன மாதம் அந்த நிலத்து மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் 'கிருமி காணப்படவில்லை' என்று அறிக்கை வந்திருக்கிறது. இனி பயமில்லாமல் மாடுகளை விடலாமா?

பதில்: தடுப்பூசி போடாமல் விடாதீர்கள். அறிக்கை தப்பு என்று நான் சொல்லவில்லை, நீங்கள் அனுப்பிய அந்தப் பிடி மண்ணில் கிருமி அகப்படவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேலே உள்ள பத்து சென்டிமீட்டர் மண் மட்டுமே சுமார் 1,300 டன் எடை வரும். மண்ணிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கும் வழக்கமான கிட்டில் போடுவது கால் கிராம். ஆந்த்ராக்ஸ் கிருமியும் நிலம் முழுக்கச் சீராகத் தூவினாற்போல் இருக்காது. செத்த மாட்டின் மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக ரத்தம் வடிந்த இடத்தில் திட்டாகத் தங்கியிருக்கும், இரண்டடி தள்ளித் தோண்டினால் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். அதனால் மண் எந்த இடத்திலிருந்து, எவ்வளவு ஆழத்தில், எத்தனை இடங்களில் எடுக்கப்பட்டது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அது எழுதப்படாத அறிக்கையை வைத்து நான் எந்த முடிவும் எடுக்க மாட்டேன்.

இன்னொரு சிக்கல் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மக்கிய இலைதழையிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் மரபணுவோடு சேர்ந்தே வந்துவிடும். குழாயின் அடியில் தெளிந்த நீராக இருக்க வேண்டியது வெளிறிய தேநீர் நிறத்தில் நிற்கும். அந்தப் பழுப்பு நிறம் தெரிந்தாலே சந்தேகப்பட வேண்டியதுதான், ஏனென்றால் பிசிஆர் சோதனையில் மரபணுவை நகல் எடுக்கும் நொதியை அது முடக்கிவிடும், கிருமி இருந்தாலும் 'இல்லை' என்றே பதில் வரும். நல்ல ஆய்வகங்கள் தெரிந்த மரபணு ஒன்றை வேண்டுமென்றே சேர்த்து, அது நகலாகிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் மாதிரியில் அப்படிப் பார்த்தார்களா என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வளர்த்துப் பார்க்கும் பழைய முறையும் உண்டு. மண் கரைசலை 65 முதல் 70 டிகிரி வரை சூடாக்கினால் சாதாரணக் கிருமிகள் செத்துவிடும், கெட்டியான உறைக்குள் உறங்கும் ஸ்போர்கள் மட்டும் பிழைக்கும். ஆனால் ஆந்த்ராக்ஸ் கிருமிக்கு நெருங்கிய உறவான பாசிலஸ் செரியஸ் போன்ற பங்காளிக் கிருமிகளும் அதே சூட்டில் பிழைத்து, வளர்க்கும் தட்டு முழுக்க நிறைந்துவிடும். அதனால்தான் ஆந்த்ராக்ஸ் என்று உறுதி சொல்ல, நஞ்சுக்கும் மேலுறைக்கும் காரணமான இரண்டு பிளாஸ்மிட்களையும் (கிருமிக்குள் தனியாக இருக்கும் சிறு மரபணு வளையங்கள்) முக்கிய மரபணுத் தொகுப்பில் ஒரு அடையாளத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

பத்து வருடம் ஆயிற்றே என்று நினைக்காதீர்கள். சைபீரியாவின் யமால் பகுதியில் 1941-க்குப் பிறகு நோயே இல்லை, 2016 கோடையில் வெயில் கடுமையாகி உறைநிலம் இளகியபோது 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்கள் மடிந்தன. ஸ்காட்லாந்தின் குருனார்ட் தீவில் 1942-ல் ஆந்த்ராக்ஸ் ஸ்போர்களை வெடித்துச் சோதனை செய்தார்கள், 1986-ல் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கலந்து மண்ணில் பாய்ச்சிய பிறகுதான் தீவு சுத்தமானது. அதற்குப் பிறகும் ஆடுகளை மேயவிட்டுப் பார்த்து, 1990-ல் தான் பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து கேளுங்கள். புதைத்த இடத்தை நீங்களே தோண்டி மண் எடுக்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் சொல்லி, கையுறையும் முகக்கவசமும் போட்டவர்கள் எடுக்கட்டும். இனி திடீரென்று மாடு செத்து ரத்தம் வடிந்தால் வயிற்றைக் கிழித்துப் பார்க்கவே கூடாது. மூடிய உடலுக்குள் அழுகலே பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும், திறந்து காற்றுப் பட்டால் அவை ஸ்போராக மாறி மண்ணுக்குள் இறங்கிவிடும்.

கேள்வி: மாடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டையில் எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவின் மரபணு இருப்பதாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் கிருமி உயிரோடு இருக்கிறதா?

பதில்: இருக்கலாம், இல்லாமலும் போகலாம். செத்த கிருமியின் மரபணுவையும் பிசிஆர் காட்டும். உடைந்த செல்லுக்குள் மட்டும் நுழைந்து மரபணுவைக் கட்டிப்போடும் சாயம் ஒன்றைச் சேர்த்து உயிருள்ளதைப் பிரித்துப் பார்க்கலாம், ஆனால் அதற்கு வெளிச்சம் பட வேண்டும், கலங்கிய குட்டைத் தண்ணீரில் அது சரியாக எடுபடாது. எந்த லெப்டோஸ்பைரா என்றும் கேளுங்கள். நோய் தராத வகைகள் தண்ணீரில் தானாகவே வாழ்கின்றன, நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நோய் தருபவற்றிடம் உள்ள லிப்எல்32 மரபணுவைத் தேடினார்களா என்பதுதான் முக்கியம். திருகிய நூல் போன்ற மெல்லிய கிருமி இது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிப் போய்விடும், அதனால் தண்ணீரை வேகமாகச் சுழற்றி அடியில் படியவைத்து எடுப்பதும் உண்டு.

அந்தத் தண்ணீருக்குள் புண்ணுள்ள காலோடு இறங்காதீர்கள். மாடுகளின் ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், குட்டையில் கலப்பது பெரும்பாலும் அவற்றின் அல்லது எலிகளின் சிறுநீரிலிருந்துதான்.

கேள்வி: காட்டு விலங்கைப் பிடிக்காமலே அதற்கு நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: சில விலங்குகளில் முடியும். பிரிட்டனில் மாட்டுக் காசநோயைச் சுமக்கும் பேட்ஜர்கள் (வளை தோண்டி வாழும் காட்டு விலங்குகள்) பெரும்பாலும் தங்கள் எல்லையோரம் குறிப்பிட்ட குழிகளில் எச்சமிடும், அந்த எச்சத்திலிருந்தே கிருமியின் மரபணுவை எடுக்கிறார்கள். ஆனால் நோயுள்ள விலங்கு எல்லா நாளும் கிருமியை வெளியேற்றாது, ஒரே தடவை எடுத்த எச்சத்தை வைத்து அந்தக் கூட்டத்துக்கு நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, பல முறை எடுக்க வேண்டும்.