விஞ்ஞானிகளுக்கு வைக்கப்பட்ட சிலைகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஏன்?

அமெரிக்காவின் வட கரோலினாவில், ட்யூக் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஒட்டகச் சிலை. அந்த ஒட்டகத்தைப் பார்த்தபடி நிற்பவர் கனூட் ஷ்மிட்-நீல்சன், நார்வேயில் பிறந்த உடலியங்கியல் அறிஞர். ஆராய்ந்தவருக்கும் ஆராயப்பட்ட விலங்குக்கும் சேர்த்தே சிலை வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வடித்த ஜொனாதன் கிங்டனும் ஆப்பிரிக்கப் பாலூட்டிகளை ஆராய்ந்த விலங்கியலாளர்தான்.

ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேமிக்கிறது என்றுதான் எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்தார்கள். திமிலில் இருப்பது கொழுப்பு. சரி, கொழுப்பு எரிந்தால் நீர் உண்டாகுமே என்று கேட்கலாம். உண்டாகும்; ஆனால் அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜனுக்காக மூச்சு விடும்போது, வறண்ட காற்றில் ஈரம் வெளியேறிவிடும். அதில் லாபம் இல்லை.

அப்படியானால் எப்படித்தான் சமாளிக்கிறது? 1953-54இல் ஷ்மிட்-நீல்சன் குடும்பத்தோடு அல்ஜீரியாவின் பெனி அப்பேஸ் என்ற பாலைவனச் சோலைக்குப் போய் ஒட்டகங்களையே அளந்து பார்த்தார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல்வெப்பம் விடியற்காலையில் 34 டிகிரி செல்சியஸ் வரை இறங்கி, பிற்பகலில் 40ஐத் தாண்டுகிறது. நமக்கு அது கடும் காய்ச்சல். ஒட்டகமோ பகல் வெப்பத்தை உடம்பிலேயே தேக்கி, இரவுக் குளிரில் விட்டுவிடுகிறது. இதனால் வியர்வையாகப் போகவேண்டிய சுமார் 5 லிட்டர் நீர் ஒரே நாளில் மிச்சம். ரோமத்தை மழித்த ஒட்டகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீரை இழந்ததையும் கண்டார்கள். அந்த வெயிலில் ரோமம் சூட்டைத் தடுக்கும் கவசம்! உடல் எடையில் கால்பங்கு நீர் போனாலும் ஒட்டகம் பிழைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீரைக் கண்டால் சில நிமிடங்களில் 100 லிட்டர் வரை குடித்துவிடும்.

ஆனால் அந்தச் சிலையில் இன்னொருவரும் நின்றிருக்க வேண்டும். அப்போது ஷ்மிட்-நீல்சனின் மனைவியாக இருந்த போடில், சஹாரா ஆய்வில் சம பங்காளி. அதற்கு முன்பே அரிசோனாவில், தண்ணீரே குடிக்காமல் காய்ந்த விதைகளைத் தின்று வாழும் கங்காரு எலிகளை இருவரும் சேர்ந்துதான் ஆராய்ந்தார்கள். சிறுநீரகம் பற்றிய ஆய்வில் தனக்கென்று பெயர் பெற்ற போடில், 1975இல் அமெரிக்க உடலியங்கியல் கழகத்தின் முதல் பெண் தலைவரானார். ஒட்டகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.